ஞாயித்துக்கிழமை அரிசி கிடைக்காத ஊர்: மியூனிக் கடைகளைக் கத்துக்கிட்ட கதை

இந்த எபிசோட்ல விசா, எஸ்.ஓ.பி, ஸ்காலர்ஷிப் எதுவும் பேசப் போறதில்ல. அதுக்கெல்லாம் நிறைய வீடியோ இருக்கு. ஆனா வெளிநாட்டுல போய் இறங்கின மறுநாள் காலையில பசிச்சா என்ன பண்றதுன்னு எனக்கு யாரும் சொல்லல. அதனால இன்னிக்கு கடைகளைப் பத்திப் பேசலாம்.

நான் மாஸ்டர்ஸ் படிக்கப் போனது ஜெர்மனியில மியூனிக். போய்ச் சேர்ந்தது ஒரு சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் காலையில கீழ இறங்கினா தெருவே அமைதியா இருக்கு. மேப்ஸ்ல பத்து சூப்பர்மார்க்கெட் தெரியுது, பத்துமே மூடியிருக்கு. ஏதோ பந்த் போலன்னு நினைச்சேன். பெட்டியில அம்மா கட்டிக்கொடுத்த புளிக்காய்ச்சல் இருந்துச்சு. கிளறிச் சாப்பிட சாதம் வடிக்க அரிசி இல்ல.

ஞாயிறு ஏன் மூடுறாங்க?

இது கடைக்காரங்களோட சோம்பேறித்தனம் இல்ல, சட்டம். 1919-ல எழுதின வைமார் அரசியலமைப்பு ஞாயித்துக்கிழமையை ஓய்வு நாளா பாதுகாக்குது. அந்தப் பிரிவை அப்படியே 1949-ல வந்த இப்போதைய அரசியலமைப்புக்குள்ளயும் சேர்த்துட்டாங்க. கடை மூடுற நேரத்துக்குன்னே 1956-ல தனிச் சட்டம் வந்துச்சு. 2006-க்கு அப்புறம் வார நாள் நேரத்தை மாநிலங்களே முடிவு பண்ணலாம்னு மாத்தினாங்க. அதனால பெர்லின்ல வார நாள்ல ராத்திரி முழுக்கக் கூட கடை திறந்து வைக்கலாம். மியூனிக் இருக்கிற பவேரியாவுல ராத்திரி 8 மணியோட சரி. லேப் முடிச்சு எட்டேகாலுக்கு வந்தா பால் கிடையாது.

விதிவிலக்கு இருக்கு. ரயில்வே ஸ்டேஷன், ஏர்போர்ட், பெட்ரோல் பங்க் கடைகள் திறந்திருக்கும். பேக்கரிகள் ஞாயிறு காலையில சில மணி நேரம் திறப்பாங்க. அன்னிக்கு ஹாஸ்டல் கிச்சன்ல காபி போட்டுட்டிருந்த ஒரு பொண்ணுதான் "சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போ"ன்னு சொல்லிக் காப்பாத்தினா. ஒரு எச்சரிக்கை: ஈஸ்டர் சமயத்துல வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூணு நாளும் லீவு. நடுவுல சனிக்கிழமை மட்டும்தான் வாங்க முடியும்.

காய்ச்சல் மாத்திரை எங்க கிடைக்கும்?

மூணாவது வாரம் காய்ச்சல். பக்கத்துல 'ட்ரோகெரீ'ன்னு சொல்ற வகை கடை ஒண்ணு இருந்துச்சு. பேரைப் பார்த்தா மருந்துக்கடை மாதிரி தெரியும். உள்ள போனா சோப்பு, ஷாம்பு, வைட்டமின் மாத்திரை, இருமலுக்கு மூலிகை டீ எல்லாம் இருக்கு. பாராசிட்டமால் மட்டும் இல்ல. அங்க அதை விக்க சட்டம் அனுமதிக்காது, 'அப்போதேக்கே'ங்கிற மருந்தகத்துலதான் வாங்கணும். வாசல்ல பெரிய சிவப்பு 'ஏ' எழுத்து இருந்தா அதுதான் மருந்தகம்.

நான் அங்க போனப்போ ராத்திரி ஆயிருச்சு, மூடியாச்சு. ஆனா கதவுல ஒரு சீட்டு ஒட்டியிருந்தாங்க: இன்னிக்கு ராத்திரி டியூட்டி எந்த மருந்தகத்துக்குன்னு. ரெண்டு ஸ்டாப் தள்ளிப் போய் பெல் அடிச்சேன். கதவுல இருந்த சின்ன ஜன்னல் வழியா மாத்திரையைக் கொடுத்தாங்க. இரவு நேரக் கட்டணம்னு 2.50 யூரோ கூட. அந்தக் காய்ச்சல்லயும் மனசு அதை ரூபாயில பெருக்கிப் பார்த்துச்சு.

அந்த ராத்திரிதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. எங்க தெரு அண்ணாச்சி கடையில அரிசியும் கிடைக்கும், தலைவலி மாத்திரையும் கிடைக்கும். எதை எப்போ வாங்கணும்னு நான் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியதே இல்ல, அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா போதும். மியூனிக்ல அந்த மொத்த விஷயமும் என் தலையில இருக்கணும். ஆங்கிலத்துல கேட்டாலும் உதவுவாங்க, ஆனா என்ன கேட்கணும்னு முதல்ல நமக்குத் தெரியணுமே. கோடிங் பாஷையில சொன்னா, அங்க அண்ணாச்சி இல்ல, டாகுமென்டேஷன் இருக்கு. நாமதான் படிக்கணும்.

பாட்டிலும் விலைச்சீட்டும்

ரெண்டு வாரம் தண்ணி பாட்டில் வாங்கிக் குடிச்சிட்டு குப்பையில போட்டேன். ஒரு நாள் வயசான ஒருத்தர் அந்தத் தொட்டியில கையை விட்டு நான் போட்ட பாட்டிலை எடுத்துப் பையில போட்டுக்கிட்டார். ஏன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக் பாட்டில், கேன் ஒவ்வொண்ணுக்கும் 25 சென்ட் டெபாசிட், 'ஃபாண்ட்'னு பேரு. சூப்பர்மார்க்கெட்ல இருக்கிற மெஷின்ல காலி பாட்டிலைப் போட்டா சீட்டு வரும். அதை பில் போடுற இடத்துல கொடுத்தா காசு திரும்ப வரும். கண்ணாடி பீர் பாட்டிலுக்குப் பொதுவா 8 சென்ட். திருப்பிக் கொடுக்க நேரமில்லாதவங்க பாட்டிலைத் தொட்டிக்குள்ள போடாம பக்கத்துல நிக்க வைப்பாங்க, எடுக்கிறவங்க குப்பையைக் கிளற வேண்டாம்னு. நானும் அப்படி வைக்க ஆரம்பிச்சேன். இன்னொரு விஷயம், மியூனிக் குழாய்த் தண்ணியையே நேரா குடிக்கலாம். நான் பாட்டிலே வாங்கியிருக்க வேண்டாம்.

விலைச்சீட்டுல பெரிய எழுத்துல இருக்கிற எண்ணை மட்டும் பார்க்காதீங்க. கீழ பொடி எழுத்துல கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவுன்னு இருக்கும். அதைப் போடணும்னு சட்டமே இருக்கு. பாக்கெட் சைஸ் எதுவா இருந்தாலும் ஒப்பிட்டுடலாம். கடையோட சொந்த பிராண்ட் பெரும்பாலும் கீழ்த் தட்டுல இருக்கும், குனிஞ்சு பாருங்க. ஆல்டி, லிடில் மாதிரி கடைகள்ல பொருளைப் பெட்டியோடயே அடுக்கியிருப்பாங்க, வகையும் குறைவு. அந்தச் செலவு மிச்சம்தான் விலையில குறையுது. பில் போடுறவர் புயல் வேகத்துல தள்ளுவார். அங்கயே நின்னு பைக்குள்ள அடுக்காம, எல்லாத்தையும் தள்ளுவண்டியில போட்டுட்டு ஓரமா போய் அடுக்குங்க. வண்டி எடுக்க ஒரு யூரோ காசு வேணும், திருப்பி விட்டா காசு வந்துடும்.

இதெல்லாம் சில்லறை விஷயம்னு தோணலாம். ஸ்டூடன்ட் விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்ல காட்டச் சொல்ற தொகை 2024 செப்டம்பர்லேர்ந்து மாசத்துக்கு 992 யூரோ. மியூனிக்ல அதுல பெரும் பங்கு வாடகைக்கே போயிடும். மிச்சத்துலதான் சாப்பாடு. அதுவும் பாதிப் பேருக்கு அப்பா பேர்ல எடுத்த லோன்.

கறிவேப்பிலை

சென்ட்ரல் ஸ்டேஷனுக்குத் தெற்கே கோத்தே தெரு, லாண்ட்வேர் தெரு பக்கம் நடந்தா துருக்கி, அரபுக் கடைகள் வரிசையா இருக்கும். கொத்தமல்லி அங்க கைநிறைய ஒரு கட்டு கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்ல அது சின்னத் தொட்டியில நாலு தண்டு. மைசூர் பருப்பு, கெட்டித் தயிர் எல்லாம் அங்கதான் வாங்குவேன்.

கறிவேப்பிலைக்குத்தான் அலைஞ்சேன். கடைசியில ஒரு ஈழத்தமிழர் கடையைக் கண்டுபிடிச்சேன். எண்பதுகள்ல போர் துரத்தி ஜெர்மனிக்கு வந்தவர். உள்ள நுழைஞ்சதும் கல்லாவுல இருந்து, "தம்பி, புதுசா வந்தனீங்களோ?"ன்னு கேட்டார். கறிவேப்பிலை இருக்கான்னு கேட்டேன். "அது வியாழக்கிழமைதான் வரும். பின்னேரம் வந்தா முடிஞ்சிடும். எடுத்து வைக்கட்டே?"

எனக்காக ஒருத்தர் ஒரு பொருளை எடுத்து வைக்கிறேன்னு அந்த ஊர்ல சொன்னது அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை போனப்போ பேப்பர்ல சுத்தி நிஜமாவே எடுத்து வச்சிருந்தார். அன்னிக்கு ராத்திரி ரசம் வச்சேன்.

அடுத்த செமஸ்டர் ஜூனியர்ஸ் வந்தப்போ நான் ஒரு பக்கத்துல எழுதிக் கொடுத்தேன்: கடை மூடுற நேரம், சிவப்பு 'ஏ', 25 சென்ட், வியாழக்கிழமை. சனிக்கிழமை வந்து இறங்கின பசங்களுக்கு ஒரு கிலோ அரிசியும் சேர்த்து.

நீங்க இருக்கிற ஊர்ல புதுசா வர்றவங்களுக்கு முதல்ல சொல்ல வேண்டிய கடை எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துடுவோம். பார்க்கலாம்!