மட்டக்குதிரை

வகுப்பிலே ஒருநாள் 'மட்டக்குதிரை' என்னுஞ் சொல் வந்தது. "ஐயா, மட்டமென்றால் இழிவல்லவா? குதிரைகளுள் இழிந்ததோ அது?" என்று ஒரு மாணவன் வினவினான். அவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

மட்டு என்பது அளவு. மட்டக்குதிரை உயர அளவாற் சிறியது, தகுதியாற் சிறியதன்று. அளவு குறித்த சொல்லில் இழிவை ஏற்றியது நம் பேச்சுவழக்கே.

ஸ்கொட்லாந்து மலைநாட்டிலும் இத்தகைய உரமிக்க சிறுகுதிரைகள் உள. வேட்டையில் வீழ்த்திய மானையும் வீட்டு விறகையும் சுமந்து உழைத்தவை அவை. கேலிக் மொழியில் அவற்றின் பெயர் 'கியாரன்'; ஆங்கிலர் 'கரன்' என்பர். வெட்டுதலைக் குறிக்குஞ் சொல்லடியிற் பிறந்து, முதலில் விதையடித்த குதிரையை உணர்த்திய பெயர் அது. அச்சொல்லடியே 'குறுகிய' என்றும் பொருள்தரும். தமிழிலும் குறைத்தல் என்பது வெட்டுதலையுங் குறுக்குதலையும் ஒருங்கே உணர்த்துமன்றோ? இதுகொண்டு இருமொழியும் உறவென்று துணிதல் பிழை. மாந்தர் எண்ணும் நெறி ஒத்ததெனலே சாலும்.

நமக்கு அணித்தேயுள்ள மட்டக்குதிரைகளைக் காண விரும்புவோர் குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவை அடைதல் வேண்டும். போர்த்துக்கேயர் கொணர்ந்தனர் என்ப. ஒல்லாந்தர் பேணி வளர்த்தனர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி மேற்பார்த்தார். பழைய குதிரைலாயத்தின் இடிபாடுகள் இன்றும் உள. ஆள்வோர்க்கு அவற்றின் தேவை ஒழிந்தது, குதிரைகள் கட்டாக்காலிகளாயின.

பவளக்கல் வேலிகளுக்கப்பால் அவை கூட்டமாய் மேய்வது கண்ணுக்கினிய காட்சி. ஆயின் கோடையிற் சென்று பார்த்தல் வேண்டும். சுண்ணக்கற்பூமி நீரைத் தேக்காது. குட்டைகள் வற்ற, தாகத்தால் மடிவன பல. 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு எல்லையை வகுக்கும். தொட்டியில் நீரை வார்ப்பது கையன்றோ?

நம் முன்னோர் தெருவோரத்தில் மடம் அமைத்தபோது, அயலிலே கேணியும் ஆவுரோஞ்சிக்கல்லும் அமைத்தனர். வழிப்போக்கனின் தாகத்தோடு வாயில்லாப் பிராணியின் தாகத்தையும் எண்ணிய அறம் அது. எவருக்கும் உரிமையல்லாத குதிரைக்கும் அவ்வறம் உரியதே.

மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "தம்பி, குதிரை மட்டமன்று. உழைப்பை வாங்கியபின் நீரை மறப்பதே மட்டம்."