கண் சாட்சியும் கணக்கும்: கிண்ணியாப் பிறையை முன்வைத்து

ஹிஜ்ரி 1434 ரமழான் 29, அதாவது 2013 ஆகஸ்ட் 7 புதன்கிழமை மாலை. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, குடாவின் மறுகரையிலுள்ள கிண்ணியாவில் ஷவ்வால் தலைப்பிறையைக் கண்டதாகப் பலர் சொன்னார்கள். அன்று வெற்றுக் கண்ணுக்குப் பிறை தென்படாது என்றது வானியல் கணக்கு. நோன்பை முப்பதாகப் பூர்த்தி செய்து 9 ஆம் திகதி வெள்ளிக்கிழமை பெருநாள் கொண்டாடும்படி கொழும்பிலிருந்து அறிவிக்கப்பட்டது. கிண்ணியாவில் பலர் 8 ஆம் திகதியே பெருநாள் எடுத்தார்கள்.

பெருநாள் தினத்தில் நோன்பு நோற்பது ஹராம். ரமழானில் ஒரு நோன்பைக் காரணமின்றி விடுவது பெரும் பாவம். ஆகவே அன்று இரு தரப்பாரும் அஞ்சியது அல்லாஹ்வைத்தான். இந்த ஒரு விடயத்தை நினைவில் வைத்திருந்தால், பிறகு வந்த வாய்ச்சண்டையில் பாதி குறைந்திருக்கும்.

அந்தச் சண்டையை நான் பள்ளிவாசல் திண்ணையிலும் தேநீர்க்கடை வாங்கிலும் பல தடவை கேட்டிருக்கிறேன். "நாங்க கண்ணால கண்டம், நீங்க கணக்கக் காட்டுறீங்களா?" என்று ஒருவர் தொடங்குவார். "விஞ்ஞானம் இல்லையெண்டு சொல்லுது, பிறகென்ன பேச்சு?" என்று மற்றவர் மறிப்பார். "அப்ப எங்கட ஆக்கள் பொய்யா சொன்னாங்க?" என்று மூன்றாமவர் எழும்புவார். அதற்குப் பிறகு பிறையைப் பற்றிய பேச்சே இராது. ஊர், இயக்கம், தலைமை என்று கதை எங்கோ போய்விடும்.

இந்த விவாதம் ஏன் நகர்வதில்லை? மூன்று வெவ்வேறு கேள்விகளை ஒன்றாக்கிப் பேசுவதுதான் காரணம் என்பது என் எண்ணம். அவற்றைத் தனித்தனியாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, சாட்சி சொன்னவரைப் பற்றிய கேள்வி. ஒருவருடைய சாட்சியத்தை ஏற்காவிட்டால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடுமா? ஹதீஸ் கலை இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. முஹத்திஸ்கள் ஓர் அறிவிப்பாளரிடம் இரண்டு தகைமைகளைத் தேடினார்கள். ஒன்று அதாலத் எனும் நேர்மை. மற்றது ழப்த் எனும் துல்லியம். தக்வாவில் சிறந்தவர் என்று புகழப்பட்ட மனிதரின் அறிவிப்பையும், நினைவாற்றல் பலவீனம் என்று கண்டால் ஒதுக்கி வைத்தார்கள். அவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. அந்தி வானத்தில் ஒரு மெல்லிய முகில் கீற்றையோ விமானப் புகைக் கோட்டையோ பிறை என்று நல்ல மனிதரும் நம்பிவிடலாம். இப்படிச் சொல்வது அவருடைய ஈமானைக் குறை சொல்வதாகாது. இதை விவாதத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், சாட்சி சொன்னவர் தன் மானத்தைக் காக்க வேண்டிய நிலை வராது.

இரண்டாவது, கணக்கைப் பற்றிய கேள்வி. அந்த மாதத்தின் அமாவாசைச் சங்கமம் இலங்கை நேரப்படி 7 ஆம் திகதி அதிகாலை 3.21க்கு நிகழ்ந்தது. சூரியன் மறைந்தபோது பிறையின் வயது ஏறத்தாழ 15 மணித்தியாலம். வெற்றுக் கண்ணால் கண்டதாக வானியலாளர்கள் வழமையாகக் குறிப்பிடும் ஆக இளம் பிறையின் வயது 15 மணித்தியாலம் 32 நிமிடம். 1990 மே மாதத்தில் ஸ்டீபன் ஓமீரா என்ற பழுத்த அவதானி கண்டது அது. பிறை தென்படுவதை வயது மட்டும் தீர்மானிப்பதில்லை. சூரியனிலிருந்து அதன் விலகல், அடிவானத்துக்கு மேல் அதன் உயரம், காற்றின் தெளிவு எல்லாம் சேர வேண்டும். அன்று கிண்ணியாவின் மேற்கு வானில் பிறை மிகத் தாழ்வாகவே நின்றது. ஆகவே கணக்கு அறிந்தவர்களின் ஐயம் பலமானது. ஆனால் "அன்று வானத்தில் பிறையே இல்லை" என்று சிலர் சொன்னது கணக்கு சொல்லாத ஒன்று. பிறை இருந்தது. கண்ணுக்குத் தென்பட்டிருக்குமா என்பதே கேள்வி.

இதை ஈமானுக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையிலான போராக்குவதும் சரியல்ல. எங்கள் ஷாபிஈ மத்ஹபுக்குள்ளேயே பல நூற்றாண்டுகளுக்கு முன் பேசப்பட்ட விடயம் இது. கணக்கு ஐயத்துக்கு இடமின்றி "காண முடியாது" என்று காட்டினால், ஓரிருவரின் சாட்சியத்தை ஏற்கக் கூடாது என்றார் இமாம் தகிய்யுத்தீன் அஸ்ஸுப்கி (மறைவு ஹி. 756). ஷிஹாபுத்தீன் அர்ரம்லி (மறைவு ஹி. 957) அதை ஏற்கவில்லை. மார்க்கம் ஆதாரமாக ஆக்கியது சாட்சியத்தையே என்பது அவர் நிலைப்பாடு. இருவருமே மத்ஹபின் பெரும் இமாம்கள். "கணக்கை எடுத்தவன் மார்க்கத்தை விட்டவன்" என்று சொல்பவருக்கு ஸுப்கியைக் காட்டலாம். "சாட்சியத்தைப் பிடித்தவன் அறிவிலி" என்பவருக்கு ரம்லியைக் காட்டலாம்.

மூன்றாவது, தீர்மானம் யாரைக் கட்டுப்படுத்தும் என்ற கேள்வி. ரமழானைத் தொடங்க நீதியான ஒருவரின் சாட்சியம் போதும், ஷவ்வாலுக்கு இருவர் வேண்டும் என்பது எங்கள் மத்ஹப். சாட்சியம் ஏற்கப்படாத நிலையிலும், தன் கண்ணால் ஷவ்வால் பிறையைக் கண்டவர் நோன்பை விட வேண்டும். அதை மறைவாகச் செய்ய வேண்டும். இந்தச் சட்டத்தின் அழகைக் கவனியுங்கள். கண்டவரின் மனச்சாட்சிக்கும் இடம் கொடுக்கிறது, ஊரின் ஒற்றுமையையும் காக்கிறது. ஸஹீஹ் முஸ்லிமில் வரும் குரைப் அவர்களின் சம்பவமும் இதே பண்பைக் காட்டுகிறது. ஷாமில் வெள்ளி இரவு பிறை கண்டதாக அவர் மதீனாவில் வந்து சொன்னபோது, இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அவருடைய சொல்லைப் பொய்ப்பிக்கவில்லை. மதீனாவில் சனி இரவுதான் கண்டோம் என்றும், தாங்கள் எந்த அடிப்படையில் நடக்கிறோம் என்றும் மட்டும் விளக்கினார்கள்.

இனி, சபையைக் குழப்புபவரை என்ன செய்வது? முதலில் அவரை அடையாளம் காண வேண்டும். "ஆதாரம் என்ன ஹஸ்ரத்?" என்று கேட்கும் இளைஞர் குழப்பவாதி அல்லர். அவரை "வாய மூடு தம்பி" என்று அடக்கினால், அவர் பள்ளிவாசலுக்கு வெளியே பதில் தேடுவார். குழப்புபவரின் அடையாளம் வேறு. அவர் அளவுகோலை மாற்றிக்கொண்டே இருப்பார். தொழுகை நேரத்துக்குச் சுவரில் தொங்கும் கணக்கு அட்டவணையை நம்புவார், பிறைக்குக் கணக்கே ஹராம் என்பார். அதற்குப் பதில் சொன்னால் தலைமையின் அரசியலுக்குத் தாவுவார். எதிர்ப்பக்கத்திலும் இவர் இருக்கிறார். "மறைவானதை நம்புற ஒங்களுக்கு ஆதாரம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சிரிப்பவர் அவர்.

இவரிடம் குரலை உயர்த்திப் பயனில்லை. "நீங்கள் சொல்வது சாட்சியைப் பற்றியா, கணக்கைப் பற்றியா, தீர்மானத்தைப் பற்றியா?" என்று அமைதியாகக் கேளுங்கள். ஒன்றைத் தெரிவு செய்தால் அதை முடித்துவிட்டே அடுத்ததற்குப் போங்கள். "எது கிடைத்தால் உங்கள் கருத்தை மாற்றுவீர்கள்?" என்றும் கேளுங்கள். எதுவுமில்லை என்பவரிடம் ஸலாம் சொல்லி விடைபெறுவதே அதபு.

பிறை விடயத்தில் இன்னுமொன்று செய்யலாம். கண்டதாகச் சொல்பவர்களை ஊருக்குள் செய்தி பரவுமுன் தனித்தனியாக விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். எங்கே நின்றீர்கள்? மஃரிபுக்கு எத்தனை நிமிடத்துக்குப் பின் கண்டீர்கள்? சூரியன் மறைந்த இடத்துக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? முனைகள் எந்தப் பக்கம் பார்த்தன? எவ்வளவு நேரம் தெரிந்தது? இந்தப் பதில்களைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்போது கணக்கு, சாட்சியத்தைச் சோதிக்கவும் உதவும், பலப்படுத்தவும் உதவும்.

இந்தக் கேள்விகளையும், எது கிடைத்தால் ஏற்போம் என்ற நிபந்தனையையும் ஷஃபான் மாதத்திலேயே ஊரார் கூடிப் பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிறைச் செய்தி வந்த பிறகு வகுக்கும் நிபந்தனை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், கேட்பவருக்கு அது பக்கச்சார்பாகவே தோன்றும்.