முதியோர் இல்லமும் நிமிடக் கணக்கும்



முதியோர் இல்லத்தில் இருக்கும் அம்மாவையோ அப்பாவையோ பார்க்கப் போனால், அறை சுத்தமா, சாப்பாடு சூடா என்று பார்க்கிறோம். எத்தனை தாதியர் வேலையில் நிற்கிறார்கள் என்று கேட்பது குறைவு. அவுஸ்திரேலிய அரசு அதைக் கேட்கிறது. இல்லங்களுக்குக் கொடுக்கும் பணத்தையும் அந்தப் பதிலோடு இணைத்திருக்கிறது.

முன்பு இல்லங்களுக்கு அரச பணம் கிடைத்தாலும், இத்தனை நிமிடப் பராமரிப்பு கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. முதியோர் பராமரிப்பை விசாரித்த அரச ஆணைக்குழு, 2021இல் வெளியான இறுதி அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது.

2022 அக்டோபரில் புதிய கொடுப்பனவு முறை வந்தது. இல்லத்தைச் சாராத மதிப்பீட்டாளர் ஒருவர் முதியவரைப் பார்த்து, 13 வகுப்புகளில் ஒன்றில் சேர்ப்பார். அந்த வகுப்பே கொடுப்பனவையும் பராமரிப்பு நிமிடங்களையும் தீர்மானிக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து நாடளாவிய சராசரி இலக்கு, ஒருவருக்கு நாளொன்றுக்கு 215 நிமிடம். அதில் 44 நிமிடம் பதிவுபெற்ற தாதியருக்குரியது. சமையல்காரர், துப்புரவாளர், அலுவலக ஊழியரின் நேரம் இதில் சேராது.

இல்லங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும். சிட்னி, மெல்பேர்ண் போன்ற பெருநகரங்களில் உள்ள பெரும்பாலான இல்லங்கள் இலக்கை எட்டாவிட்டால், கொடுப்பனவில் ஒரு பகுதியை இழக்கும். 2026 ஏப்ரல் 1 இதற்கென்று குறிக்கப்பட்ட தொடக்க நாள்.

ஒன்றைக் கவனியுங்கள். 215 என்பது சராசரி. உங்கள் அம்மாவுக்கு நாள்தோறும் கிடைத்தே ஆக வேண்டிய நேரம் அல்ல. மறதி நோயால் ஆங்கிலத்தை இழந்து தமிழில் மட்டும் கதைப்பவருக்கும், ஷெல் சத்தத்தோடு வாழ்ந்து இன்றும் இரவில் திடுக்கிட்டு எழும்புபவருக்கும், பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்ல ஆள் வேண்டும். அவருக்கு விளங்கும் மொழியில் யாராவது பேசினார்களா என்பதை நிமிடக் கணக்கு சொல்லாது. அதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் செய்யக்கூடியவை மூன்று. இல்லத்தைத் தெரிவு செய்யுமுன், மை ஏஜ்ட் கெயார் இணையத்தளத்தில் அதன் ஊழியர் நட்சத்திர மதிப்பீட்டையும் இலக்கு நிமிடங்களையும் கொடுத்த நிமிடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெற்றோரின் நிலை மோசமானால், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்படி இல்லத்தைக் கேளுங்கள். வகுப்பு உயர்ந்தால் பணமும் உயரும், நிமிட இலக்கும் உயரும். குறை இருந்தால், முதியோர் பராமரிப்புத் தர, பாதுகாப்பு ஆணைக்குழுவை 1800 951 822 இல் அழையுங்கள். ஆங்கிலம் தடையென்றால் முதலில் 131 450 ஐ அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டால் அம்மாவைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து பேசாமல் இருப்பவர்கள் எங்களில் பலர். முறையிடுவது உங்கள் உரிமை. அந்த நிமிடங்களுக்கான பணத்தில் எங்கள் வரியும் இருக்கிறது.