உத்தியோகத்தருக்கு வாறண்ட், கமக்காரனுக்கு?

மீள்குடியேறிய கிராமமொன்றிலிருந்து கமநல சேவை நிலையத்துக்குப் போன ஒரு கமக்காரரின் கதையை அண்மையில் கேட்டோம். உர மானியப் படிவத்துக்கு ஒரு கையொப்பம் வேண்டும். காலை பஸ்ஸில் போனார். இடையில் சந்தையில் இறக்கிய கத்தரிக்காய் மூட்டைக்கும் தனிக் கட்டணம். அவர் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது உத்தியோகத்தர் புறப்பட்டுவிட்டார். அவருடைய ஊருக்கு அதற்குப் பிறகு பஸ் இல்லையாம். கையொப்பமும் இல்லை, ஒரு நாள் உழைப்பும் போய்விட்டது.

இதைக் கேட்டால் உத்தியோகத்தரைத் திட்டத்தான் மனம் வரும். "அவருக்கென்ன, அரசாங்கம் வாறண்ட் கொடுக்குது" என்போம். அரச ஊழியர் ஆண்டுக்கு மூன்று தடவை குடும்பத்தோடு புகையிரதத்தில் கட்டணமின்றிப் போய்வர விடுமுறை வாறண்ட் பெறலாம் என்பது உண்மைதான். வேலைக்குப் போய்வரச் சலுகை விலையில் சீசன் ரிக்கற்றும் உண்டு. ஆனால் இவையெல்லாம் தண்டவாளம் உள்ள இடத்துக்கான சலுகைகள். 1990 இல் வவுனியாவோடு நின்றுபோன வடபகுதிப் புகையிரதம் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் வந்தது 2014 ஒக்டோபரிலேயே. முல்லைத்தீவு நகருக்கும் புதுக்குடியிருப்புக்கும் இன்றும் தண்டவாளம் இல்லை. அங்கு கடமையாற்றும் ஆசிரியையும் குடும்பநல மாதுவும் நம்மோடு அதே பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கிறார்கள். அவர்கள் வந்து சேராவிட்டால் நட்டம் நமக்கே.

2022 ஜூனில் எரிபொருள் இல்லாமற்போனபோது, அரச ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று பயிர் செய்யட்டும் என்று மூன்று மாதத்துக்கு அமைச்சரவை தீர்மானித்தது. பயிர் செய்பவனுக்கு அன்று மண்ணெண்ணெயும் இல்லை என்பது வேறு கதை.

ஊழியரின் பயணத்துக்கு அரசு உதவுவதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் வாறண்டாகக் கொடுக்கும் பணம் ஒருவருடைய கையோடு நின்றுவிடுகிறது. ஒரு வழித்தடத்துக்குக் கொடுத்தால் உத்தியோகத்தரும் ஏறுவார், பள்ளிப் பிள்ளையும் ஏறும், மூட்டையோடு நாமும் ஏறலாம். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவை அரசுடைமையாக்கப்பட்டபோது, இலாபமில்லாத கிராமத்துக்கும் பஸ் போகும் என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது. 1979 முதல் தனியார் பஸ்களும் ஓடத் தொடங்கின. ஆட்கூட்டம் உள்ள தெருவுக்கே அவை போட்டியிட்டன.

வருமானம் போதாத கிராமப் பாதையில் ஓடும் பஸ்ஸுக்கு நட்டத்தை ஈடுசெய்யும் ஒரு திட்டம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவிடம் உண்டு. 'கெமி சரிய' என்பது அதன் பெயர். நம்மவரில் பலர் இதைக் கேள்விப்பட்டதேயில்லை.

கமக்காரர் அமைப்பும் கிராம அபிவிருத்திச் சங்கமும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதலாம். எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், சந்தை நாள் எது, எத்தனை மணிக்குப் பஸ் வேண்டும் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். அந்த வழியில் வரும் ஆசிரியர்களிடமும் கையொப்பம் வாங்குங்கள். பிரதியொன்றைப் பிரதேச செயலாளருக்கும், இன்னொன்றை இ.போ.ச. சாலை முகாமையாளருக்கும் அனுப்புங்கள்.