ஆகாய விமானத்துக்கு வர்ணம் பூசும் கூடம்

2023-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பெங்களூரை அடுத்த எலகங்காவில் நடைபெற்ற விமானக் காட்சிக்கு நாம் குடும்பத்தோடு சென்றிருந்தோம். வெயில் கடுமை, கூட்டமோ சொல்லி முடியாது. ஆயினும் ‘சாரங்’ குழுவினரின் ஹெலிகாப்டர்கள் வானில் எழுந்தபோது வெயிலும் நெரிசலும் மறந்து போயின. கோயம்புத்தூரை அடுத்த சூலூரைத் தளமாகக் கொண்ட குழு அது. சாரங் என்றால் மயில். அப்பெயருக்கேற்ப ஒவ்வொரு ஹெலிகாப்டரின் விலாவிலும் மயில் ஒன்று தீட்டப்பட்டிருந்தது.

“அப்பா, இந்த மயிலை யார் வரைந்தது? மழை பெய்தால் அழியாதா?” என்று எம் மகள் வினவினாள்.

இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலந்தள்ளும் நமக்கு, பெட்டி வண்டிகளுக்கு வர்ணம் பூசுவதைப் பார்த்த பழக்கம் உண்டே தவிர, விமானத்துக்குப் பூசுவது பற்றி ஏதும் தெரியாது. வீட்டுக்குப் போய் மாமாவைக் கேள் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். எம் மனைவியின் தம்பி சில ஆண்டுகளாக அத்தகைய கூடம் ஒன்றிலேதான் வேலை பார்த்து வருகிறார்.

அன்று தட்டிக் கழித்த கேள்வி இவ்வாண்டு வேறு உருவில் திரும்பி வந்தது. எங்கள் தெருவில் வசிக்கும் வேலூர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர், ஐ.டி.ஐ.யில் பெயிண்டர் தொழில் படித்து முடித்த தம் மகனுக்கு விமானக் கூடம் ஒன்றில் ஒப்பந்த வேலைக்கு அழைப்பு வந்திருப்பதாகவும், அனுப்பலாமா கூடாதா என்று சொல்லவேண்டும் என்றும் கேட்டார். கணவரை இழந்தவர், ஒரே பிள்ளை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியுமா? தீபாவளிக்கு வந்திருந்த மைத்துனரை இரண்டு இரவுகள் உட்காரவைத்துக் கேட்டோம். அவர் சொன்னதும், பின்னர் நாம் தேடிப் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

விமானத்தின் வர்ணம் அலங்காரத்துக்கு மட்டும் என்று எண்ணுவது பிழை. அலுமினியத் தோல் மழையிலும் உப்புக் காற்றிலும் அரித்துப் போகாமல் காப்பது அதுவே. ‘ஏர் இந்தியா’ 1971-இல் தன் முதல் ஜம்போ விமானத்தைக் கொண்டுவந்தபோது, சன்னல் ஒவ்வொன்றைச் சுற்றியும் அரண்மனை வளைவு தீட்டி உலகத்தாரை வியக்கச் செய்தது. அந்த அழகுக்கு அடியிலும் காவல் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தார் நெடுங்காலம் தம் விமானங்களின் உடலுக்கு வர்ணமே பூசாமல், அலுமினியத்தைப் பளபளவென்று மெருகேற்றியே பறக்கவிட்டனர். வர்ணத்தின் எடை மிச்சம் என்பது அதில் ஓர் ஆதாயம். பெரிய விமானம் ஒன்றின் மேல் உலர்ந்து கிடக்கும் வர்ணம் மட்டுமே இருநூறு கிலோவுக்கு மேல் தேறும் என்பர். ஆனால் கரிநார் கொண்டு செய்யும் புதுவகை விமானங்களை அப்படி வெறும் உடலாக விட முடியாது. 2013-இல் அவர்களும் வெள்ளி நிற வர்ணத்துக்கு மாறினர். அண்மையில் கத்தார் நிறுவனத்தாருக்கும் ஏர்பஸ் நிறுவனத்தாருக்கும் இடையே லண்டன் நீதிமன்றத்தில் பெருவழக்கு நடந்து 2023-இல் சமரசமாயிற்றே, அதன் தொடக்கமும் ஏ350 விமானங்களின் மேற்பூச்சு சிதைந்து, இடியிலிருந்து காக்கும் செம்பு வலை வெளியே தெரிந்ததுதான்.

இனிக் கூடத்துக்குள் செல்வோம்.

“அத்தான், அங்கே பெயிண்ட் அடிப்பது பாதி நாங்கள், பாதி காற்று” என்று தொடங்கினார் மைத்துனர். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அன்று.

விமானம் உள்ளே வந்து பெருங்கதவுகள் மூடப்பட்டதும் அதன் உடலைக் கம்பி வழியே தரையோடு இணைக்கின்றனர். மின்பொறி ஒன்று தெறித்தால் போதும், தின்னர் ஆவி தீப்பற்றிவிடும். விளக்குகள் கண்ணாடிக்குப் பின்னால் அடைபட்டிருக்கும். கைப்பேசியை வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் நுழையவேண்டும். பிறகு பழைய வர்ணத்தை எடுக்கும் வேலை. அலுமினிய உடலானால் மருந்து தடவி, வர்ணம் கொப்புளித்து எழுந்ததும் சுரண்டி எடுப்பர். கரிநார் உடலுக்கு அம்மருந்து ஆகாது, தேய்த்தேதான் எடுக்கவேண்டும். வாரக் கணக்கில் பிடிக்கும் மொத்த வேலையில், ஸ்பிரே கன்னைக் கையில் பிடிக்கும் நேரம் மிகச் சிறிது. மற்றதெல்லாம் சுரண்டலும் தேய்ப்பும் கழுவலும், தாள் ஒட்டி மறைத்தலுமே.

பூசும் நேரம் வந்தால் கூடத்தின் ஒரு புறத்திலிருந்தோ கூரையிலிருந்தோ வடிகட்டிய காற்று இறங்கி, விமானத்தைத் தழுவிக்கொண்டு போய், எதிர்ப்புறத்து வடிகட்டிகளின் வழியே வெளியேறுகிறது. கன்னிலிருந்து பீச்சும் வர்ணத்தில் உடலில் ஒட்டாத துளிகள் பனிபோல் மிதக்கும். அவற்றை உடனே அடித்துக்கொண்டு போகாவிட்டால், அவை பாதி உலர்ந்து, அடுத்த பகுதியின் ஈர வர்ணத்தின் மேல் மணல்போல் விழுந்து கெடுக்கும். காற்று மிக வேகமாக வீசினாலோ, வர்ணம் உடலைச் சேருமுன்னே பறந்துவிடும். ஈரப்பதமும் ஓர் அளவுக்குள் இருக்கவேண்டும். இரண்டு பகுதியாக வரும் வர்ணத்தில் ஹார்ட்னர் கலந்தபின் காற்றின் ஈரம் மிகுந்தால் அதனோடு வினைபுரிந்து, பூச்சில் நுண்ணிய குமிழ்கள் உண்டாகும். ஆட்கள் தூக்கு மேடைகளில் நின்று ஒரே வேளையில் பல இடங்களில் பூசிக்கொண்டு வருகின்றனர். ஒருவர் பூசிய ஓரம் உலருமுன் பக்கத்து ஆள் அதை வந்து தொடவேண்டும். இல்லையேல் கோடு தெரியும். இருபதடி உயரத்தில் நின்று, முகமூடிக்குள்ளிருந்து, பேசவும் இயலாமல் இதைச் செய்கிறார்கள்.

எவ்வளவு காற்று வேண்டும்? அமெரிக்கத் தொழிற்சாலை விதிகளில் இத்தகைய கூடங்களுக்கு நெடுநாளாக வழங்கும் கணக்கு நிமிடத்துக்கு 100 அடி. அதாவது வினாடிக்கு அரை மீட்டர். நடந்து போகும் மனிதனின் வேகத்தைவிடக் குறைவுதான். ஆனால் குமாஸ்தா புத்தியோடு நாம் ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தோம். கூடம் 40 மீட்டர் அகலமும் 15 மீட்டர் உயரமும் உடையதென்று வைத்துக்கொள்வோம். அதன் குறுக்கே அரை மீட்டர் வேகத்தில் காற்று செல்ல, வினாடி ஒன்றுக்கு 300 கன மீட்டர் வேண்டும். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கொண்ட ஒரு வகுப்பறை முழுவதிலும் உள்ள காற்று, ஒவ்வொரு வினாடியும்! அத்தனையையும் வடிகட்ட வேண்டும், சூடோ குளிர்ச்சியோ ஊட்டவேண்டும், ஈரம் நீக்கவேண்டும். மின்சாரக் கட்டணம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. விசிறியைச் சற்றே குறைத்தால் என்ன என்ற சபலம் முதலாளிக்குத் தோன்றும் இடம் இதுவே.

குறைத்தால் என்ன ஆகும் என்பதை மைத்துனர் விமானக் கூடத்தில் கற்கவில்லை. அதற்கு முன்னர் அவர் கார்களுக்கு வர்ணம் பூசும் கொட்டகை ஒன்றில் இரண்டாண்டு இருந்தார். ஊரும் பெயரும் வேண்டா. அங்கே கூடமும் இல்லை, காற்றும் இல்லை. மூக்கில் கட்டிய கைக்குட்டைதான். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மேஸ்திரிக்கு இரவில் இருமலும் மார்பில் விசில் சத்தமும் வரத் தொடங்கின. ஞாயிற்றுக்கிழமை நலமாக இருப்பார். திங்கள் மாலை மறுபடியும் வரும். தூசு என்றார்கள், சளி என்றார்கள், வெற்றிலையை விடு என்றார்கள். வேலை நாளில் வந்து விடுமுறையில் விலகும் அந்த இருமலின் பொருளை ஒரு மருத்துவர்தான் கடைசியில் கண்டு சொன்னார். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருள், மூச்சுக்குழலை ஒருமுறை பகைத்துக்கொண்டால் பிறகு அணுவளவு பட்டாலும் மூச்சை அடைக்கும். வாசனையைக் கொண்டு எச்சரிக்கையாக இருக்கலாம் என்பதற்கும் இல்லை. மூக்குக்குத் தெரியுமுன்னரே அது தீங்கு செய்யும் அளவை எட்டிவிடும். இருபது ஆண்டு பழகிய தொழிலை அம்மனிதர் விடவேண்டியதாயிற்று. இப்போது தேநீர்க் கடை வைத்திருக்கிறார்; அடுத்த மனையில் யாராவது கதவுக்குப் பெயிண்ட் அடித்தால் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறாராம்.

விமானத்திலோ இதற்கு மேலும் ஒன்று உண்டு. அலுமினியம் அரிக்காதிருக்க அடியில் பூசும் பிரைமரில் பலகாலமாகக் குரோமியம் கலந்து வருகிறது. அதன் ஒரு வகை நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்குவது. அமெரிக்க அரசு 2006-இல் இதற்கு வரம்பு கட்டியபோது, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் தொழிலாளி சுவாசிக்கலாகாது என்றது. ஆனால் முழு விமானத்துக்கோ அதன் பெரும் பகுதிகளுக்கோ வர்ணம் பூசும் இடத்தில், காற்றோட்டத்தைக் கொண்டு 25 வரை குறைத்தால் போதும், எஞ்சியதை முகமூடியால் தடுக்கவேண்டும் என்று விதிவிலக்கும் வைத்தது. இதைப் படித்தபோதுதான் மைத்துனர் சொன்னதன் மறுபாதி நமக்கு விளங்கிற்று. அவ்வளவு பெரிய கூடத்தில் எத்தனை விசிறி வைத்தாலும் காற்று முழுக் காவல் ஆகாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. இறக்கையின் அடியில் குனிந்து பூசுகிறவனின் முகத்தருகே காற்று சுழன்று தேங்கும். அங்கே அவனைக் காப்பது முகமூடி ஒன்றே.

அதிலும் வகை உண்டு. வடிகட்டி மாட்டிய முகமூடி ஓரளவுக்குத்தான். வடிகட்டி தீர்ந்துபோனது தெரியாமலே மாட்டிக்கொண்டு நிற்பவர் பலர். மேலும் தாடி வைத்தவர் முகத்தில் அது படியாது. குழாய் வழியே வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் தலைமூடியே மேலானது. அந்தக் காற்றை அனுப்பும் கம்பிரசரும், கூடத்தின் கழிவுக் காற்று வெளியேறும் பக்கத்தில் நிற்கக் கூடாது.

ஹெலிகாப்டர் என்றால் இத்தொல்லைகளில் பாதி குறைகிறது. 8 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் உள்ள கூடமே போதும் என்றால், அதே கணக்கில் வினாடிக்கு 24 கன மீட்டர் காற்றுதான். ஆனால் சுழலும் இறகுகளில் வேறு சங்கடம். அவற்றைக் கழற்றித் தனியே பூசுவர். ‘துருவ்’ ஹெலிகாப்டருக்கு நான்கு இறகுகள். ஒன்றில் மட்டும் வர்ணம் சற்று மிகுந்துவிட்டால், சுழலும்போது உடல் முழுவதும் நடுங்கும். ஆகவே பூசியபின் எடை பார்த்துச் சமன் செய்தாகவேண்டும். விமானங்களிலும் இறக்கையின் அசையும் பாகங்களுக்கு இத்தகைய சோதனை உண்டு. மூக்குப் பகுதிக்குள் ராடார் இருப்பதால் அங்கே உலோகத்தூள் கலந்த வர்ணம் ஆகாது.

மறைத்து ஒட்டும் டேப்பைப் பற்றிச் சொல்லும்போதுதான் மைத்துனர் குரலைத் தாழ்த்தினார். விமானத்தின் விலாவில் சிறு துளைகள் உண்டு. வெளிக்காற்றின் அழுத்தத்தை அவற்றின் வழியே அறிந்துதான் கருவிகள் உயரத்தையும் வேகத்தையும் விமானிக்குக் காட்டுகின்றன. கழுவும்போதும் பூசும்போதும் அத்துளைகளை மூடவேண்டும்; முடிந்ததும் திறக்கவேண்டும். 1996-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் இரவு, பெரு நாட்டு லிமா நகரிலிருந்து சாந்தியாகோவுக்குப் புறப்பட்ட ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 விமானத்தில், கழுவி மெருகேற்றியபோது ஒட்டிய டேப் எடுக்கப்படாமலே இருந்துவிட்டது. இருளில், கடலுக்கு மேலே, கருவிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பொய்யுரைத்தன. எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று அறியாமலே விமானிகள் கடலில் வீழ்ந்தனர். 70 பேர் மாண்டனர்.

“டேப்பை எண்ணித்தான் ஒட்டுவோம், எண்ணித்தான் எடுப்போம். நான் எடுத்ததை இன்னொருவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும்” என்றார் அவர். கையெழுத்து வாங்குவதை வீண் வேலை என்று அலுத்துக்கொள்ளும் நாம், அன்று வாய் திறக்கவில்லை.

அம்மையாரிடம் போய், போகலாம் என்றோ கூடாது என்றோ நாம் சொல்லவில்லை. பையனை அழைத்து, நேர்முகத்துக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேட்டு வா என்றோம். மூச்சுக் காற்று குழாயில் வருகிறதா, வடிகட்டியிலா? சேருமுன்னும் ஆண்டுதோறும் ஊதவைத்து நுரையீரலைச் சோதிப்பார்களா? ஒப்பந்த ஆட்களுக்கும் நிரந்தர ஆட்களுக்கும் ஒரே முகமூடிதானா? வேலை கேட்கப் போகிறவன் கேள்வி கேட்டால் துரத்திவிடுவார்களே என்று தாயார் கலங்கினார். நமக்கும் உள்ளூர அந்த அச்சம் இருந்தது.

பையன் மாலையில் திரும்பி வந்தான். முதலிரண்டு கேள்விகளுக்கும் மேற்பார்வையாளர் முகம் கோணாமல் விடை சொன்னாராம். கம்பிரசர் இருக்கும் இடத்துக்கே கூட்டிப்போய்க் காட்டினாராம். மூன்றாவதற்குச் சற்றுத் தயங்கி, ஒப்பந்தக்காரரிடம் எழுதி வாங்கித் தருகிறேன் என்றாராம். எட்டு நாள் கழித்து அக்கடிதம் வந்தது. அம்மையார் அதை எம்மிடம் கொண்டுவந்து இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மகனைத் தாடியை மழித்துக்கொண்டு வரும்படி சலூனுக்கு அனுப்பினார்.