கொசுவம் விரியும் பை

ஆந்திரப் பக்கம் மழை வலுத்தால் பள்ளிப்பட்டுக்காரர்கள் முதலில் விசாரிப்பது, "கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துட்டாங்களா?" என்றுதான். ஷட்டரைத் தூக்கினால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கும். அணையில் நீர் மட்டம் ஏற ஏறச் சுவரின்மேல் அழுத்தமும் ஏறும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். நம் அடிவயிற்றில் இருக்கும் குட்டி அணை அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. சிறுநீர்ப்பையில் 50 மில்லி இருந்தாலும் 300 மில்லி இருந்தாலும் உள்ளே அழுத்தம் பெரிதாக மாறாது.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை ரத்தத்திலிருந்து வடிகட்டி, ஏறக்குறைய அத்தனையையும் உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் வெளியே அனுப்புகின்றன. நிமிடத்துக்கு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். அது 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள இரண்டு குழாய்கள் வழியாகப் பைக்கு வருகிறது. குழாய்ச் சுவர் அலையலையாகச் சுருங்கித் தள்ளுவதால், நாம் படுத்துக் கிடந்தாலும் வரத்து நிற்பதில்லை. இரண்டு குழாய்களும் பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகின்றன. பை நிரம்பும்போது அந்தச் சாய்வுப் பகுதி நசுங்கி மூடிக்கொள்ளும். வந்த நீர் சிறுநீரகத்துக்குத் திரும்பாது. அங்கே தனியாக ஒரு வால்வு இல்லை, சாய்வே வால்வு.

காலிப் பையின் உட்புறம் புடவைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். நீர் சேரச் சேர மடிப்பு விரியும். குழாய்கள் நுழையும் இரண்டு துளைகளுக்கும் அடியில் உள்ள வெளியேறும் துளைக்கும் இடைப்பட்ட முக்கோணம் மட்டும் மடிப்பில்லாமல் வழவழவென்று இருக்கிறது. மடிப்பெல்லாம் தீர்ந்த பிறகும் பை விரியத்தான் செய்கிறது. உட்பரப்பில் இருக்கும் 'குடைச் செல்கள்' உபரிச் சவ்வைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத் தங்களுக்குள் கட்டி வைத்திருக்கின்றன. இழுபடும்போது அவற்றைப் பிரித்து மேற்பரப்போடு சேர்த்துக்கொள்ளும். பை காலியானதும் மறுபடி உள்ளே இழுத்து வைக்கும். சிறுநீர் திரும்ப உடம்புக்குள் ஊறிவிடாமல் காப்பதும் இந்தச் செல்கள்தான்.

அதைச் சுற்றித் தசை. பாவும் ஊடுமாக ஒழுங்காக அல்ல, சிக்கு விழுந்த நூல் போலக் கண்ட திசையிலும் ஓடும். பொதட்டூர்பேட்டை நெசவாளி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஒரு பையை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் பிழிய, இந்த ஒழுங்கில்லாத நெசவுதான் சரி.

150, 200 மில்லி சேரும்போது லேசாக நினைப்பு வரும். 400-ஐத் தாண்டினால் வேறெதிலும் மனம் நிற்காது. வாசலில் காவல் இரண்டு: உள்காவல் நம் பேச்சைக் கேட்காது, வெளிக்காவல் கேட்கும். மூளைத் தண்டில் இதற்கென ஒரு கட்டுப்பாட்டு மையம் இருப்பதைப் பூனைகளில் சோதித்து 1925-இல் எழுதினார் பாரிங்டன் என்ற ஆய்வாளர். பை நிரம்பிய சேதி அங்கே போகும். பெருமூளையின் முன்பகுதி 'இப்போது சரி' என்று சொன்னால்தான் அது காவலைத் தளர்த்தித் தசையை இறுக்கச் சொல்லும். குழந்தை இரண்டு மூன்று வயதில் கற்றுக்கொள்வது அந்த அனுமதியைத் தள்ளிப்போடும் கலையை.

பை நிரம்பியது எப்படித் தெரிகிறது? தொடுதலை உணரவைக்கும் 'பீசோ2' என்ற புரதம் இங்கேயும் வேலை செய்கிறது. அதைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டாபூட்டியனுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இந்தப் புரதம் இல்லாமல் பிறந்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். பை நிரம்புவது அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் கழிவறைக்குப் போகிறார்கள்.

பீசோ2 பழுதில்லாமல் இருந்தும் கடிகாரத்தைப் பார்த்துப் போகிறவர்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் ஏராளம். கம்பெனி பஸ் ஏறிப் போய் ஷிப்ட் பார்க்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். தொழிலாளர் எந்நேரமும் போகக்கூடிய இடத்தில், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 19-ஆவது பிரிவில் எழுதிவைத்தது. வழியில் பஸ்ஸை நிறுத்துவதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒன்றும் இருந்ததில்லை. வீட்டோடு நாலு தறி ஓட்டுகிறவருக்கு அந்தச் சட்டமே பொருந்தியதில்லை. அங்கே தறி நின்றால் கூலி நின்றது.

எப்போதாவது ஒரு மணி நேரம் அடக்குவதால் பை கெட்டுவிடாது. அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலை தருகிறது. திருத்தணிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் வியர்வையிலேயே பாதி போய்விடும். மிச்சம் அடர்ந்த மஞ்சளாக, கொஞ்சமாகத் தேங்கும். பெண்ணின் சிறுநீர்த் தாரை சுமார் 4 செ.மீ.தான், ஆணுக்கோ 20 வரை. குடலில் குடியிருக்கும் ஈ.கோலை பாக்டீரியாவுக்கு நாலு செ.மீ. பெரிய தூரமில்லை. அதை அடித்துக்கொண்டு போவது அடிக்கடி ஓடும் சிறுநீர்தான். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் சிறுநீரையும் சேர்த்த சித்த மருத்துவர்கள் பாக்டீரியாவைப் பார்த்ததில்லை, விளைவைப் பார்த்திருக்கிறார்கள். நீர்க்கடுப்புக்கு 'சூடு' என்று இளநீர் கொடுக்கும் பாட்டியும் பாதி சரிதான். குளிரும் காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்துகொண்டால் இளநீரோடு நிற்காமல் டாக்டரிடம் போக வேண்டும்; கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம்.

இன்னொன்று பலருக்கும் அனுபவம். ராத்திரி பஸ் இறங்கி, தெருமுனை வரை ஒரு தொல்லையும் இருக்காது. வீட்டுப் பூட்டில் சாவியை நுழைக்கும் நேரத்தில் தாங்க முடியாமல் முட்டும். அந்த ஒரு நிமிடத்தில் பைக்குள் கூடுதலாக வந்தது ஒரு மில்லிதான். கதவைப் பார்த்ததும் மூளை அனுமதியில் கையெழுத்துப் போட்டுவிட்டது.