ஜப்பானியர் தட்டில் கடல் கொழுப்பு

ஒரு நாட்டு மக்கள் நாள்தோறும் எவ்வளவு கொழுப்பை உணவாகக் கொள்கிறார்கள் என்பதை எப்படி அறிவது? கோடிக்கணக்கான வீடுகளின் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்க முடியுமா? முடியாது. ஆனால் கணக்குப் போட முடியும். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, அதில் எங்கே ஏமாறக்கூடும் என்பதை, மீன் உணவுக்குப் பெயர்பெற்ற ஜப்பானை எடுத்துக்கொண்டு பார்ப்போமா?

வரவும் செலவும்

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் உணவு வரவு செலவுக் கணக்கைத் தயாரிக்கிறது. நாட்டில் பிடிபட்ட மீன், இறக்குமதியான மீன் ஆகியவை வரவு. ஏற்றுமதியானது, கால்நடைத் தீவனமானது, வீணானது ஆகியவை செலவு. எஞ்சியதே மக்களின் உணவு. அதை மக்கள் தொகையாலும் 365 நாட்களாலும் வகுத்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் அளவு வரும். அதை மீனிலுள்ள கொழுப்பின் விழுக்காட்டால் பெருக்கினால், மீன் வழியாகக் கிடைக்கும் கொழுப்பு தெரிந்துவிடும்.

ஜப்பானில் 2001-ஆம் ஆண்டில் ஒருவருக்கு 40.2 கிலோ மீன் உணவு கிடைத்தது. அது நாளொன்றுக்கு 110 கிராம். 2022-இல் இது ஏறத்தாழ 22 கிலோவாக, அதாவது நாளொன்றுக்கு 60 கிராமாகக் குறைந்தது. மீனில் சராசரியாக 5 விழுக்காடு கொழுப்பு என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 5½ கிராம் கொழுப்பு 3 கிராமாகச் சுருங்கிவிட்டது!

மீனுக்கு மீன் வேறுபாடு

ஆனால் எல்லா மீனும் ஒன்றல்ல. காட் மீனின் சதையில் 1 விழுக்காடு கொழுப்புகூட இல்லை. மத்தியில் சுமார் 10 விழுக்காடு. இலையுதிர் காலத்தில் பிடிபடும் சான்மா என்ற மீனில் 20 விழுக்காட்டையும் தாண்டும். ஒரே சூரை மீனில்கூட முதுகுச் சிவப்புச் சதையில் கொழுப்பு மிகக் குறைவு. வயிற்றுச் சதையில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு! ஆகவே எத்தனை கிலோ மீன் என்று கேட்டால் மட்டும் போதாது; எந்த மீன் என்றும் கேட்க வேண்டும்.

சான்மாவின் கதையைக் கேளுங்கள். 2008-இல் ஜப்பானியர் இதைச் சுமார் 3½ லட்சம் டன் பிடித்தார்கள். 2022-இல் கிடைத்ததோ சுமார் 18 ஆயிரம் டன்தான். ஏழை எளியவரும் வாங்கிச் சுட்டுத் தின்ற மீன், விலையுயர்ந்த பண்டமாகிவிட்டது.

மறைந்துபோன மத்தி

நம் ஊர் மத்தியின் உறவினமான ஜப்பானிய மத்தி இன்னும் வியப்பானது. 1965-இல் இதன் பிடிப்பு 10 ஆயிரம் டன்னைக்கூட எட்டவில்லை. 1988-இல் அது 45 லட்சம் டன்னை நெருங்கியது! அவ்வாண்டின் மக்கள் தொகையால் வகுத்துப் பார்த்தால் தலைக்கு 37 கிலோ. பிறகு திடீரென்று வீழ்ச்சி. 1988 முதல் 1991 வரை தாய் மீன்கள் ஏராளமாக முட்டையிட்டன. ஆனால் குஞ்சுகள் பிழைக்கவில்லை. கடல் நீரின் வெப்பநிலையிலும் நீரோட்டங்களிலும் ஏற்பட்ட மாற்றங்களே இதற்கு முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. 2005-இல் பிடிப்பு 30 ஆயிரம் டன்னுக்கும் கீழே போயிற்று. அண்மை ஆண்டுகளில் மத்தி மீண்டும் பெருகி வருகிறது.

அப்படியானால் 1990-களிலேயே ஜப்பானியரின் மீன் உணவு சரிந்திருக்க வேண்டும் அல்லவா? சரியவில்லை! பிடிபட்ட மத்தியில் பெரும்பகுதி மனிதர் தட்டுக்கு வரவே இல்லை. அது மீன்மாவாகவும் எண்ணெயாகவும், பண்ணை மீன்களுக்கு இரையாகவும் போயிற்று. எனவே அது மறைந்தபோது உணவுக் கணக்கு அதே அளவில் விழவில்லை. தவிர, நார்வே, சிலி முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதியான சால்மன் போன்ற கொழுப்பு மீன்களும் இடத்தை நிரப்பின. ஆகவே பிடிப்பு வேறு, உணவு வேறு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

2001-க்குப் பிறகு வந்த சரிவுக்குக் காரணம் கடல் மட்டுமல்ல, சமையலறையும்தான். மீனைக் கழுவி, அரிந்து, முள் எடுக்கப் பலருக்குப் பொறுமையில்லை. விலையும் ஏறியது. இறைச்சி எளிதாகக் கிடைத்தது. 2011 அளவில் இறைச்சி மீனை முந்திவிட்டது.

இதனால் என்ன?

1955-இல் ஒரு ஜப்பானியர் நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் கொழுப்பு உண்டார். 1975-இல் அது 50 கிராமைத் தாண்டிவிட்டது. கூடியது பெரும்பாலும் சமையல் எண்ணெய், இறைச்சி, பால் ஆகியவற்றின் கொழுப்பு. கொழுப்பு கொழுப்புதானே, எதுவானால் என்ன என்று கேட்கலாம்.

மார்கழிக் குளிரில் நெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. பார்த்திருப்பீர்கள். கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்களின் நீண்ட சங்கிலி. அதில் இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் சங்கிலி வளையும். நெருக்கமாக அடுக்க முடியாது. ஆகவே எளிதில் உறையாது. மீன் கொழுப்பில் சிறப்பாக உள்ள இ.பி.ஏ.யில் 5 இரட்டைப் பிணைப்புகள், டி.எச்.ஏ.யில் 6! குளிர்ந்த கடலிலும் மீனின் செல் சவ்வுகள் விறைத்துப்போகாமல் இருக்க இவை உதவுகின்றன. இவற்றை முதலில் ஆக்குபவை கடலின் நுண்பாசிகள். அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள், அவற்றைத் தின்னும் மீன்கள் என்று படிப்படியாக இவை நம்மிடம் வருகின்றன. நம் மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் டி.எச்.ஏ. நிறைந்திருக்கிறது. ஆனால் தாவர எண்ணெயிலுள்ள வேறோர் அமிலத்திலிருந்து நம் உடல் இதை மிகச் சிறிதளவே ஆக்கிக்கொள்ளும். ஆகவே 3 கிராம் மீன் கொழுப்பை 3 கிராம் மாட்டுக் கொழுப்பால் ஈடு செய்ய முடியாது. மொத்தக் கணக்கில் கொழுப்பு பெருகியிருந்தாலும், இந்த வகையில் பற்றாக்குறை ஏற்படலாம்.

நீங்களும் கணக்கிடலாம்

உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோ எண்ணெய் வாங்குகிறார்கள்? அதை வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையாலும் 30-ஆலும் வகுங்கள். தலைக்கு ஒரு நாள் எண்ணெய் அளவு கிடைக்கும். பிறகு யோசியுங்கள். வடை பொரித்து மிஞ்சிய எண்ணெய் எங்கே போயிற்று? வீட்டில் எல்லோரும் சமமாகவா உண்டார்கள்? ஒரு நாட்டின் கணக்கைப் படிக்கும்போதும் இதே கேள்விகளைக் கேட்கத்தான் வேண்டும்.